மூணு கால், ஒரு கேமரா... நெபுலாவைப் பிடிக்கலாம் வாங்க!

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மொட்டை மாடிக்குப் போங்க. தலையைத் தூக்கி, எத்தனை நட்சத்திரம் தெரியுதுன்னு எண்ணிப் பாருங்க. என்ன, ரெண்டே நிமிஷத்துல எண்ணி முடிச்சிட்டீங்களா? நட்சத்திரத்தை எண்ணி முடிக்க முடியுதுன்னா, அதுதாங்க பிரச்னையே!

2023-ம் வருஷம் ஜனவரியில ‘சயின்ஸ்’ இதழ்ல ஓர் ஆய்வு வந்தது. 2011-லிருந்து 2022 வரைக்கும் ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் அவங்கவங்க ஊர்ல வானத்தைப் பார்த்து அனுப்பிய குறிப்புகளை வெச்சு செஞ்சது. பெரும்பாலான குறிப்புகள் ஐரோப்பா, வட அமெரிக்காவிலிருந்து வந்தவை. அவங்க போட்ட கணக்குப்படி, ராத்திரி வானத்தோட வெளிச்சம் வருஷத்துக்கு சராசரியா 9.6 சதவீதம் ஏறிக்கிட்டே போகுது. அப்படின்னா என்ன அர்த்தம்? 250 நட்சத்திரம் தெரியற இடத்துல ஒரு குழந்தை பிறந்தா, அது 18 வயசை எட்டும்போது அதே இடத்துல வெறும் 100 தான் தெரியும்!

18 வயசு... அதாவது நீங்க காலேஜ்ல காலடி வெச்ச வயசு. உங்க கணக்குல 150 நட்சத்திரம் ஏற்கெனவே ‘ஆப்சென்ட்’. மிச்சம் இருக்கிறதைப் படம் பிடிச்சு வெச்சுக்கலாமா? அதுக்கு லட்ச ரூபாய் டெலஸ்கோப் வேண்டாம். ஒரு சாதாரண கேமரா, ஒரு ட்ரைபாட், கொஞ்சம் இருட்டு, நிறைய பொறுமை... அவ்வளவுதான்.

முதல் படம்: சுத்த கறுப்பு!

இதைச் சொல்ற எனக்கே முதல் நாள் என்ன ஆச்சுன்னு கேளுங்க. ஃபைனல் இயர் படிக்கும்போது ரூம்மேட்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி அவனோட பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை வாங்கினேன். ஹாஸ்டல் மாடிக்குப் போய், ஆட்டோ மோடுல வெச்சு, வானத்தைப் பார்த்து ஒரு கிளிக். ஃப்ளாஷ் அடிச்சது! (நட்சத்திரத்துக்கு ஃப்ளாஷ் அடிச்ச முதல் ஆள் நானா இருக்க மாட்டேன்கிற நம்பிக்கையிலதான் இதை எழுதறேன்.) படம் சுத்த கறுப்பு.

அடுத்து ஷட்டரை 30 செகண்ட் திறந்து வெச்சேன். இந்த முறை ஏதோ விழுந்தது. ஆனா நட்சத்திரம் எல்லாம் புள்ளியா இல்லாம, சின்னச் சின்னக் கோடா இழுத்துக்கிட்டு இருந்தது. ஃபோகஸும் போச்சு. ரூம்மேட் எட்டிப் பார்த்துட்டு, “மாப்ள, இது என்ன, சோத்துல இருக்கிற சீரகமா?”ன்னான். அந்த அவமானம்தான் என்னை இந்த விஷயத்தை ஒழுங்கா கத்துக்க வெச்சது.

முதல் மாடல்: ஓரியன்

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு வானத்துல இருக்கிற மிக அன்பான மாடல் ஓரியன், அதாவது ‘வேட்டைக்காரன்’ நட்சத்திரக் கூட்டம். ஜனவரி மாசம் ராத்திரி ஏழரை மணிக்குக் கிழக்கே பாருங்க. மூணு நட்சத்திரம் ஒண்ணுமேல ஒண்ணா, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நிற்கும். அதுதான் வேட்டைக்காரனோட இடுப்புக் கச்சை. நம்ம ஊர்ல ஓரியன் படுத்தபடியே உதிக்கிறதால கச்சை இப்படிச் செங்குத்தா தெரியும்.

கச்சைக்கு இடது பக்கம் சிவப்பா ஒரு நட்சத்திரம் இருக்கா? ஆங்கிலத்துல பீட்டல்ஜூஸ். நமக்கு அது ரொம்ப நாள் பழக்கம். அதுதான் திருவாதிரை! மார்கழித் திருவாதிரைன்னு சிதம்பரத்துல தரிசனம் நடக்குமே, அந்த நாள்ல பௌர்ணமி நிலா இந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துலதான் நிற்கும். கச்சைக்கு வலது பக்கம் நீலம் கலந்த வெள்ளையா மின்னுறது ரைஜல். திருவாதிரைக்குக் கொஞ்சம் மேலே மூணு மங்கலான புள்ளிகள் சின்ன முக்கோணமா இருக்கும். அது மிருகசீரிடம். கச்சைக் கோட்டை அப்படியே மேலே நீட்டினா ரோகிணி. இன்னும் மேலே போனா கொத்தா கார்த்திகை. கீழே நீட்டினா வானத்துலயே பளிச்னு எரியற சிரியஸ். ஜாதகத்துல மட்டும் பார்த்த பேரெல்லாம் இப்படி வரிசையா நேர்ல நிற்கும்போது ஒரு த்ரில் வரும் பாருங்க!

இப்போ விஷயத்துக்கு வர்றேன். கச்சைக்கு வலது பக்கம் ஒட்டின மாதிரி, மங்கலா இன்னொரு சின்ன வரிசை தெரியும். வேட்டைக்காரனோட வாள். அதோட நடுவுல இருக்கிற ‘நட்சத்திரம்’ மட்டும் கொஞ்சம் பஞ்சு மாதிரி கலங்கலா இருக்கும். கண்ணைக் கசக்கிக்க வேண்டாம். அது நட்சத்திரமே கிடையாது. அதுதான் ஓரியன் நெபுலா. வானியல்காரங்க வெச்ச சுருக்கப் பேரு எம் 42. கையை நல்லா நீட்டி சுண்டுவிரலைக் காட்டினீங்கன்னா, அந்த விரல் எவ்வளவு இடத்தை மறைக்குமோ அவ்வளவு அகலம். முழு நிலா மாதிரி ரெண்டு மடங்கு! அவ்வளவு பெருசா இருக்கிறது ஏன் நம்ம கண்ணுக்குத் தெரியலை?

கண்ணு செலவாளி... கேமரா உண்டியல்!

நம்ம கண்ணு வர்ற வெளிச்சத்தை அப்பப்போ செலவு பண்ணிடும். ஒரு நொடியில ஒரு சின்ன பங்குக்குள்ள வந்த வெளிச்சத்தை வெச்சு ஒரு காட்சி, அடுத்து வந்ததை வெச்சு அடுத்த காட்சி. சேமிப்புங்கிற பேச்சே இல்லை. அதோட, இருட்டுல வேலை செய்யற விழித்திரை செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அதனாலதான் நெபுலா சாம்பல் பஞ்சா தெரியுது.

கேமரா அப்படிக் கிடையாது. ஷட்டர் திறந்திருக்கிற வரைக்கும் விழுற ஒவ்வொரு துளி வெளிச்சத்தையும் உண்டியல்ல காசு போடற மாதிரி சேர்த்து வைக்கும். இந்த ரகசியத்தை நிரூபிச்சவர் ஹென்றி டிரேப்பர். நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர். வானத்தைப் படம் பிடிக்கிறது அவரோட ஆசை. 1880 செப்டம்பர் 30-ம் தேதி ராத்திரி, 11 அங்குல டெலஸ்கோப்ல கண்ணாடித் தகட்டை மாட்டி, 51 நிமிஷம் ஷட்டரைத் திறந்து வெச்சு ஓரியன் நெபுலாவைப் பிடிச்சார். உலகத்துலயே ஒரு நெபுலா புகைப்படத்துல விழுந்தது அதுதான் முதல் தடவை. மூணு வருஷம் கழிச்சு, 1883-ல, இங்கிலாந்துல ஆன்ட்ரூ காமன் எடுத்த படத்துல, டெலஸ்கோப்ல கண்ணை வெச்சுப் பார்த்தாக்கூடத் தெரியாத நட்சத்திரங்கள் பதிவாகியிருந்தது. மனுஷக் கண்ணைக் கேமரா முந்தின இடம் அதுதான். அவங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்லாத ஒண்ணு உங்ககிட்ட இருக்கு: டிஜிட்டல் சென்சார்!

என்னென்ன வேணும்?

கேமரா: ஷட்டர், ஐ.எஸ்.ஓ., ஃபோகஸ் மூணையும் நாமளே மாத்தற வசதி இருக்கிற எந்தக் கேமராவும் ஓ.கே. கல்யாண ஆல்பம் எடுக்கிற அண்ணன் வேண்டாம்னு ஓரம்கட்டின பழைய டி.எஸ்.எல்.ஆர். போதும். கேமராவோட வர்ற 18-55 லென்ஸ் நட்சத்திரக் கூட்டங்களுக்கு நல்லா உதவும். நெபுலாவுக்கு 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் கிடைச்சா சூப்பர். அந்த லென்ஸ்ல ஓரியன் முழு உருவமும் ஃப்ரேமுக்குள்ள அடங்கும்.

செல்போன்: புது போன்கள் பலதுல ‘ப்ரோ’ மோடும், நைட் மோடும் இருக்கு. ட்ரைபாட்ல போனை மாட்டற கிளிப் ஒண்ணு வாங்கிட்டா ஓரியன் உருவம் ஈஸியா விழும். நெபுலா ஒரு சின்ன ரோஸ் புள்ளியா எட்டிப் பார்க்கும். ஆரம்பத்துக்கு அதுவே பெரிய விஷயம்தான்.

ட்ரைபாட்: விலையைவிட எடை முக்கியம். லேசான ட்ரைபாட் காத்துல ஆடும். அதுக்கு ஒரு வைத்தியம்... நடுக் கம்பியை உயர்த்தாதீங்க. அதோட கொக்கியில உங்க காலேஜ் பேகைத் தொங்க விடுங்க. செமஸ்டர் புக்ஸ் உருப்படியா ஒரு வேலை செய்யும்!

நாள்: அமாவாசையை ஒட்டின நாலைஞ்சு ராத்திரி. பௌர்ணமி நிலா நெபுலாவை மொத்தமா அழிச்சிடும். வடகிழக்கு மழை முடிஞ்ச ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் ஓரியனுக்கு நல்ல சீஸன்.

இடம்: இருட்டு எவ்வளவோ அவ்வளவு லாபம். ஆனா, ‘ராத்திரியில எங்களை யாரு வெளியே விடுவாங்க?’ன்னு கேட்கிற தோழிகளே, கவலை வேண்டாம். ஓரியன் நெபுலா அவ்வளவு பிரகாசம். டவுன்ல, சொந்த வீட்டு மொட்டை மாடியிலேயே மாட்டும். அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க. திருவாதிரை, கார்த்திகையை அவங்களுக்குக் காட்டிட்டீங்கன்னா அடுத்த அமாவாசைக்கு அவங்களே ஞாபகப்படுத்துவாங்க.

சீரகம் வராம இருக்க...

இனி டெக்னிக்கல் பாடம். பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை.

முதல்ல ஃபோகஸ். பத்துக்கு ஒன்பது பேர் கோட்டை விடறது இங்கேதான். ஆட்டோ ஃபோகஸ் இருட்டுல தடுமாறும். அதனால மேனுவலுக்கு மாத்துங்க. லென்ஸ்ல போட்டிருக்கிற ‘இன்ஃபினிட்டி’ குறியையும் நம்பாதீங்க. லைவ் வியூவைப் போட்டு, சிரியஸ் மாதிரி பளிச்னு இருக்கிற நட்சத்திரத்தைத் திரையில 10 மடங்கு பெருசாக்குங்க. ஃபோகஸ் வளையத்தை எறும்பு நகர்ற வேகத்துல திருப்புங்க. நட்சத்திரம் எந்த இடத்துல மிகச் சின்னப் புள்ளியாகுதோ, அதுதான் ஃபோகஸ். உடனே வளையத்து மேல ஒரு துண்டு டேப்பை ஒட்டிடுங்க. அப்புறம் கை பட்டாலும் நகராது.

அடுத்து ஷட்டர் ஸ்பீடு. பூமி சுத்தறதால வானம் மணிக்கு 15 டிகிரி மேற்கே நகருது. ட்ரைபாட் நம்மளோட சேர்ந்து பூமியில உட்கார்ந்திருக்கு. ரொம்ப நேரம் திறந்து வெச்சா புள்ளி எல்லாம் சீரகம்தான். எவ்வளவு நேரம் திறக்கலாம்னு சொல்ல ஒரு நாட்டுக் கணக்கு இருக்கு. பேரு ‘500 விதி’. 500-ஐ லென்ஸோட எம்.எம். அளவால வகுங்க. என்ட்ரி லெவல் கேமராக்கள்ல சென்சார் சின்னதுங்கிறதால, வர்ற விடையை இன்னொரு தடவை 1.5 அல்லது 1.6-ஆல வகுங்க. 18 எம்.எம். லென்ஸுக்கு ஏறக்குறைய 17 செகண்ட் வரும். 50 எம்.எம்.முக்கு 6 செகண்ட் சொச்சம். இது ஃபிலிம் காலத்துக்குச் சரி. இன்னைய கேமராக்கள் சின்ன இழுவையைக்கூடக் காட்டிக் கொடுத்துடும். அதனால விடையில பாதியை எடுத்துக்கோங்க. 50 எம்.எம்.முக்கு 3 செகண்ட். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற டைம்.

மிச்ச செட்டிங்ஸ்: ‘எம்’ மோடு. ஃபைல் ‘ரா’. ஜேபெக் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 1600 அல்லது 3200. 50 எம்.எம். லென்ஸ்னா அபெர்ச்சர் எஃப் 2.8 வைங்க. முழுசா 1.8-க்குத் திறந்தா ஓரத்து நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைக்கும். 18-55-ல எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறக்கலாம். லென்ஸ்ல ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசர் இருந்தா அதை ஆஃப் பண்ணிடுங்க. பட்டனை விரலால அமுக்கினா கேமரா ஆடும். அதனால 2 செகண்ட் டைமர் வைங்க. இல்லேன்னா, சல்லிசா கிடைக்கிற ரிமோட் கேபிள் ஒண்ணு மாட்டுங்க.

200 தடவை கிளிக்!

‘மூணே செகண்ட்ல என்ன உண்டியல் நிறையும்?’னு நீங்க கேட்கிறது நியாயம்தான். நிறையாது. ஒரு படத்தைப் பார்த்தா கறுப்பு வானம், கொஞ்சம் நட்சத்திரம், மணலைத் தூவின மாதிரி சத்தப் புள்ளிகள்... நடுவுல லேசா ஒரு கறை. அவ்வளவுதான். அதனால 200 தடவை எடுக்கணும்!

நான் அதைச் செஞ்சது ஒரு பொங்கல் லீவுல, சிவகங்கை பக்கத்துல இருக்கிற அப்பத்தா வீட்டு மாடியில. மணி ஏழரைக்கு ஆரம்பிச்சேன். ஓரியன் கிழக்கே சாய்வா இருக்கிறப்பவே எடுத்துடறது கழுத்துக்கு நல்லது. நம்ம ஊர்ல அது போகப் போக உச்சந்தலைக்கு வந்துடும். அப்புறம் தரையில மல்லாக்கப் படுத்துக்கிட்டுதான் கேமராவைப் பார்க்கணும். எடுக்க எடுக்க ஓரியன் ஃப்ரேமை விட்டு நகர்ந்துக்கிட்டே இருந்தது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நடுவுக்குக் கொண்டு வந்தேன். இடையில லென்ஸ்ல பனி இறங்கிடுச்சு. இருபது படம் பாழ். லென்ஸ் துடைக்கிற மெல்லிசுத் துணி ஒண்ணு பையில இருந்ததால பிழைச்சேன்.

கீழே இருந்து சத்தம் வந்தது. “ஏய்யா, இம்புட்டு நேரம் பனியில நின்னா சளி புடிக்காதா? அங்க என்னதான்யா பண்ற?”

“நெபுலா எடுக்கிறேன் அப்பத்தா.”

“எதை எடுத்தாலும் சரி, துண்டைத் தலையில கட்டிக்கிட்டு எடு!”

200 படம் முடிஞ்சதும் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே செட்டிங்ஸ்ல இன்னும் 20 படம் எடுத்தேன். மூடியைப் போட்டுட்டு எதுக்குப் படம்? சென்சார் தானாவே கிளப்புற தப்புப் புள்ளிகள் மட்டும் அதுல பதிவாகும். இதுக்கு ‘டார்க் ஃப்ரேம்’னு பேரு. பின்னாடி கம்ப்யூட்டர்ல நிஜப் படத்துல இருந்து இதைக் கழிச்சிடலாம்.

கம்ப்யூட்டர்ல நடக்கிற மேஜிக்

இந்த 200 படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கறதுக்குப் பேரு ‘ஸ்டாக்கிங்’. அதுக்கான சாஃப்ட்வேர் எல்லாம் இலவசம். விண்டோஸ்ல சீக்வேட்டர் அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கர். லினக்ஸ், மேக் வெச்சிருக்கிறவங்களுக்கு சிரில். நட்சத்திரங்களை அடையாளமா வெச்சு எல்லாப் படத்தையும் அதுவே நேரா பொருத்திக்கும்.

இதுல என்ன லாபம்? நெபுலா எல்லாப் படத்துலயும் அதே இடத்துல இருக்கும். சத்தப் புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறும். சராசரி எடுக்கும்போது நிலையா நிற்கிறது தங்கும், ஓடிக்கிட்டு இருக்கிறது கரைஞ்சு போகும். கணக்கு இதுதான்: 4 படம் அடுக்கினா தெளிவு 2 மடங்கு, 100 படம் அடுக்கினா 10 மடங்கு. அதாவது, படங்களோட எண்ணிக்கைக்கு வர்க்கமூலம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல நம்மளைப் பாடாப்படுத்தின அதே விஷயம்தான்! வானத்துல குறுக்கே ஓடற சாட்டிலைட் கோடுகளும் இந்தச் சராசரியில காணாமப் போயிடும். 2019-க்கு அப்புறம் ஸ்டார்லிங்க் மாதிரி சாட்டிலைட்கள் ஆயிரக்கணக்குல ஏறிட்டதால இது பெரிய உதவி.

அடுக்கி முடிச்சு வர்ற படம் முதல்ல கறுப்பாத்தான் இருக்கும். ஏமாந்துடாதீங்க. ‘கர்வ்ஸ்’ கருவியைத் திறந்து, இருண்ட பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமா மேலே தூக்குங்க. ஒரு தூக்கு... ரெண்டு தூக்கு... அன்னைக்கு அப்பத்தா வீட்டுத் திண்ணையில ராத்திரி ஒரு மணிக்கு என் லேப்டாப்ல அது விரிஞ்சது. சிறகை விரிச்ச பறவை மாதிரி, நடுவுல வெள்ளையா, ஓரமெல்லாம் ரோஸ் நிறமா, ஓரியன் நெபுலா. நான் எடுத்தது!

காலையில அப்பத்தாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துச்சு. “இது எங்குட்டுய்யா இருக்கு?”ன்னு கேட்டுச்சு. மாடியைக் காட்டினேன். “இம்புட்டு நாளும் நம்ம தலைக்கு மேலயா இருந்துச்சு?”

அப்படி என்ன இருக்கு அங்கே?

ஒரு பிரசவ வார்டு இருக்கு! ஏறக்குறைய 1,350 ஒளியாண்டு தூரத்துல, வாயுவும் தூசியும் கலந்த பிரம்மாண்ட மேகம். அதுக்குள்ள புதுப் புது நட்சத்திரங்கள் பிறந்துக்கிட்டே இருக்கு. நடுவுல இருக்கிற சில இளம் நட்சத்திரங்கள் வீசற புறஊதாக் கதிர் சுத்தியிருக்கிற ஹைட்ரஜனை ஒளிர வைக்குது. அந்த ஹைட்ரஜன் விடற சிவப்புதான் நம்ம படத்துல வர்ற ரோஸ். நிஜத்துல இன்னும் அழுத்தமான சிவப்பு. ஆனா சாதாரண கேமரா சென்சாருக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டர் அந்தச் சிவப்புல பெரும்பகுதியைத் தடுத்துடும்.

1,350 ஒளியாண்டுன்னா, உங்க கேமராவுல விழுந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பினப்போ இங்கே பல்லவர் ஆட்சி. மாமல்லபுரத்துல உளிச் சத்தம் கேட்டுக்கிட்டிருந்த ஏழாம் நூற்றாண்டு. அவ்வளவு தூரம் ஓடி வந்த வெளிச்சம் கடைசியில எங்கே தோத்துப் போகுது தெரியுமா? நம்ம தெருமுனையில!

தெருவிளக்கு வந்தது

அடுத்த வருஷம் பொங்கலுக்கும் அதே மாடி, அதே கேமரா, அதே செட்டிங்ஸ். படம் மட்டும் வேற. வானம் பூரா வெள்ளையா பால் ஊத்தின மாதிரி. காரணம், அப்பத்தா வீட்டுக்கு எதிர்ல புதுசா ஒரு எல்.இ.டி. தெருவிளக்கு. தரையில விழுறதைவிட எங்க மாடிக்கும் வானத்துக்கும் தாராளமா அடிச்சது. எனக்கு வந்துச்சே கோபம்! “யாரு அப்பத்தா இதை இங்க போட்டது?”ன்னு எகிறினேன்.

அப்பத்தா நிதானமா சொன்னுச்சு: “ஏய்யா, நீ வருஷத்துக்கு ஒருக்கா வந்து படம் புடிச்சுட்டுப் போயிருவ. தெருவுல பாம்பு கெடந்தா, இருட்டுல மிதிக்கிறது நாங்கதான?”

வாயடைச்சுப் போச்சு எனக்கு. அந்தத் தெருப் பொண்ணுங்க ட்யூஷன் முடிச்சுப் பயமில்லாம வீடு திரும்பறது அந்த விளக்கு வந்ததுக்கு அப்புறம்தான். விளக்கு வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா, பாம்பு தரையிலதானே இருக்கு? வானத்துக்கு எதுக்கு வெளிச்சம்? விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு, தரையைப் பார்க்கத் திருப்பி, நீலம் குறைஞ்ச மஞ்சள் வெளிச்சம் வெச்சா தெருவும் பளிச்னு இருக்கும், வானமும் தப்பிக்கும். லடாக்கில் ஹான்லே பகுதியை 2022-ல இருண்ட வான் காப்பகமா அறிவிச்சப்போ, அங்கே இருக்கிற மக்களும் இதே மாதிரிதான் விளக்குகளை மூடி, திருப்பி வெச்சாங்க. விளக்கோட வாழ்ந்துக்கிட்டே வானத்தையும் காப்பாத்த முடியும்.

நாங்க என்ன பண்ணினோம்? அப்பத்தாகிட்ட கேட்டுக்கிட்டு சித்தப்பாவோட கண்மாய்க்கரைக்குப் போனோம். டார்ச்ல சிவப்பு கலர் பேப்பர் ஒட்டி எடுத்துக்கிட்டோம். இருட்டுக்குக் கண்ணு முழுசா பழக 20, 30 நிமிஷம் ஆகும். ஒரு வெள்ளை டார்ச் அடிச்சா மறுபடி முதல்ல இருந்து. படம் நல்லா வந்தது. ஆனா, முந்தின வருஷம் மாடியில கிடைச்ச இருட்டைத் தேடி இந்த வருஷம் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்ததுங்கிறதை மறக்க முடியலை. (நீங்களும் இப்படிப் போனா தனியா போகாதீங்க. ஷூ போடுங்க. போற இடத்தை வீட்டுல சொல்லிட்டுப் போங்க.)

ஓரியன் முடிஞ்சா?

மார்ச் தாண்டினா ஓரியன் மேற்கே இறங்கிடும். வருத்தப்படாதீங்க. ஏப்ரல், மே மாசம் விடியற்காலை மூணு மணிக்குத் தெற்கே பார்த்தா விருச்சிகம் கொடுக்கைத் தூக்கிக்கிட்டு நிற்கும். நெஞ்சுல சிவப்பா எரியறது கேட்டை, வால் பக்கம் மூலம். அதுக்குப் பக்கத்துலயே பால்வெளி மண்டலத்தோட மையமும், லகூன் நெபுலாவும் இருக்கு. ஐரோப்பாக்காரங்களுக்கு அடிவானத்துல தவழற இந்தப் பகுதி நமக்கு நல்ல உயரத்துல கிடைக்கும். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிறதோட பலன் அது. வானியலாளர் வைனு பாப்பு ஜவ்வாது மலையில காவலூரைத் தேர்ந்தெடுத்ததுக்கு இந்தத் தெற்கு வானமும் ஒரு காரணம். 1986-ல இருந்து அவர் பேரைத் தாங்கி நிற்கிற 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கே இருக்கு.

எடுத்த படத்தை உடனே அழிச்சிடாதீங்க. ஓரியன் கச்சைக்குப் பக்கத்துல ‘குதிரைத்தலை’ன்னு ஒரு நெபுலா இருக்கு. அதை முதல்ல கவனிச்சவங்க வில்லியமினா ஃபிளெமிங். ஸ்காட்லாந்துல இருந்து அமெரிக்கா வந்து, கணவர் கைவிட்டுப் போனதால, ஹார்வர்டு வான் ஆய்வகத் தலைவரோட வீட்டுல வேலைக்குச் சேர்ந்தவங்க. அப்புறம் அந்த ஆய்வகத்திலேயே வேலை கிடைச்சது. 1888-ல எடுத்த ஒரு கண்ணாடித் தகட்டைப் பொறுமையா பார்த்து, அதுல இருந்த ஒரு சின்ன இருண்ட பள்ளத்தைக் குறிச்சு வெச்சாங்க. படம் எடுத்தது வேற ஒருத்தர். பார்த்தது அவங்க! உங்க 200 படத்துலயும் நீங்க இன்னும் பார்க்காதது ஏதாவது இருக்கும்.

திருவாதிரையையும் விட்டுடாதீங்க. 2019 கடைசியில அது மளமளன்னு மங்கி, 2020 பிப்ரவரியில உலகத்தையே பரபரப்பாக்கிச்சு. ‘வெடிக்கப் போகுது’ன்னுகூடப் பேச்சு. கடைசியில பார்த்தா, அது தானே ஊதி வெளியே தள்ளின தூசு அதை மறைச்சிருக்கு. அந்த நாட்கள்ல மாடியில சாதாரண கேமராவுல ஓரியனை எடுத்து வெச்சவங்ககிட்ட எல்லாம், முன்னாடி எடுத்த படத்தோட ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆதாரம் இருக்கு. நீங்க எடுக்கப் போறதும் அப்படித்தான். உங்க ஊர் வானம் இந்த வருஷம் எப்படி இருந்ததுங்கிறதுக்கு அதுதான் சாட்சி.

அதனால, ஒவ்வொரு வருஷமும் அதே இடம், அதே செட்டிங்ஸ், ஒரு ஓரியன் படம். தேதியைப் போட்டு வெச்சிடுங்க. படத்துல வானம் வெளுத்துக்கிட்டே வந்தா, ரெண்டு வருஷப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு உங்க ஊர் கிராம சபைக் கூட்டத்துலயோ, வார்டு கவுன்சிலர்கிட்டயோ காட்டுங்க. ‘விளக்கை எடுங்க’ன்னு சொல்லாதீங்க. ‘ஒரு மூடி போடுங்க’ன்னு கேளுங்க. அப்பத்தா வீட்டுத் தெருவுல நாங்க கேட்டிருக்கோம். இன்னும் மூடி வரலை. அடுத்த பொங்கலுக்கும் படத்தோட போய்க் கேட்போம்.

சரி, அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு? காலண்டரைப் பாருங்க. ட்ரைபாடைத் தூசு தட்டுங்க. பேட்டரியை சார்ஜ்ல போடுங்க. மாடிக்குப் போறதுக்கு முன்னாடி...

துண்டைத் தலையில கட்டிக்கோங்க!